கடைசித் தீவு, ஒன்பதாம் பாகம்

கடைசிக்கு எண் போட்டவன் யாரென்று தெரியவில்லை.
இரண்டாம் பாகம் வந்தபோதே நிஸ்தார் கேட்டான்:
"அப்ப முன்னால போனது என்ன,
கடைசிக்கு முந்தின தீவா?"

முதல் பாகம் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியது,
ஆளுக்கு மூன்றரை வெள்ளி.
உறை கிடையாது. வட்டின் முதுகில்
யாரோ நீல மசியில் கிறுக்கிய பெயர்.

புக்கிட் பாத்தோக், பதினோராவது மாடி, ஜூன் விடுமுறை.
ஒரு மரக்கலம். காலை இழுத்து நடக்கும் ஒரு மாலுமி.
பாய் விரிக்க முக்கோணம், சுருட்ட வட்டம்.
தீவுகள் மூன்றே மூன்று.
மேற்கில் மட்டும்
கடல் சும்மா நீலமாய்ப் போய்க்கொண்டே இருந்தது.
போனால்
முட்டியது.
கண்ணுக்குத் தெரியாத சுவர்.
கப்பலின் மூக்கு நடுங்கும், அலைகள் ஊடுருவிப் போகும்,
நாங்கள் அங்கேயே.

எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும் என்றான் நிஸ்தார்.
வடக்கிலிருந்து தெற்காகச்
சுவரைத் தடவிக்கொண்டே போனோம்,
இருட்டில் சுவிட்சைத் தேடும் கை மாதிரி,
பன்னிரண்டு நாள்.
அம்மா துணி காயப்போட
மூங்கில் கழியை சன்னலுக்கு வெளியே நீட்டும்போது
திரையில் ஒரு நிழல் குறுக்கே விழும்.
அதையும் வழி என்று நினைத்துத் திருப்பியிருக்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் மழை பெய்தது.
மூன்றாம் பாகத்தைப் பற்றி
என்னிடம் யாரும் குறை சொல்ல வேண்டாம்,
இன்றைக்கும்.

நான்கு வந்த வாரம் அவனுக்குத் தேசிய சேவை.
வெற்றுத்தளத்தில் வைத்து நினைவு அட்டையைக் கொடுத்து
"நான் வர்ற வரைக்கும் என் கப்பலைத் தொடாதே" என்றான்.
தொட்டேன்.
தொண்ணூறு மணி நேரம் தொட்டேன்.
தெக்கோங்கிலிருந்து மொட்டைத் தலையோடு வந்தவன்
கப்பலைப் பற்றிக் கேட்கவே இல்லை.
எங்கள் சோபாவில் பூட்ஸ் நாடாவை அவிழ்க்கும்போதே
தூங்கிப்போனான்.

ஐந்தில் அம்புக்குறிகள் முளைத்தன.
எங்கே போக, யாரிடம் பேச, எந்தப் பாறைக்குப் பின்னே புதையல்,
எல்லாம் தங்க நிறத்தில் மினுங்கின.
மாலுமிக்குக் கால் சரியாகிவிட்டது,
கூடவே வாயும் வந்துவிட்டது.
பூட்டிய கதவின் முன் நின்று
"கதவு பூட்டியிருக்கிறது போலும்" என்றான்.

ஆறை நான் வாங்கவில்லை.
வாங்காததை, வாங்கியவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னேன்.

ஏழில் காற்றுக்கே காசு.
பின்காற்று, நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி தொண்ணூற்றெட்டு.
இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று திட்டிக்கொண்டே
நான்கு நாளைக்கு வாங்கினேன்.

எட்டு வந்த வருடம் அப்பாவுக்கு டயாலிசிஸ்.
செவ்வாய், வியாழன், சனி.
அவர் படுக்கையோரம், சத்தத்தை அணைத்துவிட்டு,
உள்ளங்கைத் திரையில் கப்பல் ஓட்டினேன்.
ஒரு சனிக்கிழமை, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"ஓட்டை கெடச்சுதா?"
அந்த ஜூன் மாதம் முழுக்க
அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்ததாக
நினைத்துக்கொண்டிருந்தேன்.
எட்டாம் பாகம் நல்லதா கெட்டதா,
எனக்குத் தெரியாது.

இப்போது ஒன்பது.
புதுக்கதை இல்லை, முதல் பாகத்தையே
புதுத் துணி உடுத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள்.
கடலுக்கு உப்பு மணக்காத குறைதான்.
மாலுமி மறுபடி காலை இழுக்கிறான்,
யாரோ என் திட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

பொங்கோல் வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு,
மேற்கே திருப்பினேன்.
முட்டவில்லை.
தாண்டிப் போனால் விளக்கெரியும் ஒரு தீவு,
படகுத்துறை, ஒரு கடை,
வாசலில் பலகை:
இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு நல்வரவு.

இறங்கவில்லை.
நிஸ்தாருக்கு அனுப்பினேன்:
சுவரை எடுத்துட்டாங்க.

பதில் வரும்வரை சும்மா இருப்பானேன்.
அது நின்ற இடம் எனக்கு அளவு பிசகாமல் தெரியும்.
வடக்கிலிருந்து தெற்காக
இல்லாததைத் தடவிக்கொண்டே போனேன்.
ஒரு மணி பத்துக்குத் திரை ஒளிர்ந்தது.

அதுக்குள்ளயா?